முனியம்மா பேர் வெட்டிய டம்ளர்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான் தயங்கிக்கொண்டிருந்த காலத்துக்குள் என் மூத்த மகள் பள்ளிக்கூடம் சேர்ந்து, படித்து முடித்து, கல்யாணமாகி, தன் பிள்ளையையும் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாள். ஒவ்வொரு தவக்காலத்திலும், இந்த வருஷம் கண்டிப்பாக எழுதிவிடுகிறேன் ஆண்டவரே என்று சொல்லிக்கொள்வேன். உயிர்ப்புத் திருவிழா முடிந்து வீட்டில் கறிக்குழம்பு கொதித்ததும் அது மறந்துபோகும். மறதி என்று சொல்வதும் பாதிதான் உண்மை. இது என் வீட்டுக் கதை இல்லை. இன்னொரு வீட்டு மானம் இதில் இருக்கிறது. அதை எடுத்து நாலு பேர் படிக்கிற இடத்தில் வைக்க நான் யார் என்று கை நின்றுகொண்டே இருந்தது. இப்போது அந்த வீட்டிலிருந்தே உத்தரவு கிடைத்துவிட்டது. எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு மத்தியானம், செஞ்சியில் எங்கள் தெருவுக்குக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தது. கையில் பெரிய போன் மாதிரி ஒரு டேப், கழுத்தில் அடையாள அட்டை. ராஜகிரி மலை காய்ந்து அதன் சூடு தெருவரைக்கும் இறங்குகிற நேரம். உள்ளே வந்து ஃபேனுக்கடியில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நிலைப்படியில் சாய்ந்துகொண்டு கேட்டது.

"வீடு சொந்தமா, வாடகையா ஆண்ட்டி?"

"சொந்தந்தாம்மா."

"ஃபிரிட்ஜ்?"

"இருக்குது."

"வாஷிங் மெஷின்?"

"இருக்குது. ஆனா ஓடல."

அந்தப் பெண்ணின் விரல் டேப்புக்கு மேலே அப்படியே நின்றது. "ஓடலன்னா இருக்குதுன்னு போடவா, இல்லன்னு போடவா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க காலத்துலயே இதுக்கு வழி தெரியாமத்தான் முழிச்சோம் கண்ணு. நீயே ஒண்ணப் போட்டுக்கோ" என்றேன். அது இருக்குது என்பதைத் தட்டியது. காப்பி போட்டு எடுத்து வருவதற்குள், "அடுத்த தெரு இருக்குது ஆண்ட்டி" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டது. போட்ட காப்பியை வீணாக்குவானேன் என்று நானே குடித்தேன். பழைய எவர்சில்வர் டம்ளர். விளிம்புக்குக் கீழே என் அம்மாவின் பேர் வெட்டியிருக்கும். குடிக்கும்போது அந்த எழுத்து கட்டைவிரலில் நெருடியது. அந்த நெருடல்தான் என்னைப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

நானும் ஒரு காலத்தில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவள்தான். பன்னிரண்டாவதில் கணக்குப் பாடம் போய்விட்டது. கணக்கில் தோற்றவளுக்குக் கணக்கெடுக்கிற வேலை கிடைத்ததை என் தம்பி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். கிராமங்களில் யார் யார் ரொம்ப ஏழை என்று பார்த்து, அவர்களுக்கு முதலில் உதவி போய்ச் சேரவேண்டும் என்று ஒரு திட்டம் வந்திருந்தது. சைக்கிள் ஓட்டத் தெரிந்த, பேசப் பயப்படாத பெண்கள் வேண்டும் என்று கேட்டார்கள். எங்கள் பங்குச் சாமியார் என் பேரைச் சொன்னார்.

என் நைனா கல் உடைக்கிற வேலை பார்த்தவர். அவருக்கு இந்த உத்தியோகம் பிடிபடவே இல்லை. "யாரு ஏழைன்னு தெரிஞ்சிக்க ஒரு ஆபீசா? எங்களக் கேட்டா சொல்லமாட்டமா?" என்றார்.

"உங்களத்தான் நைனா கேக்கப்போறாங்க" என்றேன்.

"கேட்டா மட்டும் சொல்லிடுவமா?" என்று அவரே திருப்பிப் போட்டார். அதன் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

அடையாள அட்டை வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அதை மாட்டிக்கொண்டே பூசைக்குப் போனேன். நற்கருணை வாங்கும்போது சாமியார் அட்டையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பூசை முடிந்து வெளியில் வந்ததும், "என்னம்மா, ஆண்டவர் வீட்டையும் கணக்கெடுக்கப் போறியா?" என்று கேட்டார். அன்றைக்குக் கழற்றியவள், வேலை நேரம் தவிர அதை மாட்டியதில்லை.

எங்கள் குழுவுக்கு மேலாளர் ஞானசேகர் சார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷன். எங்கள் ஊர்ப் பேச்சு அவருக்குப் பழக ஒரு மழைக்காலம் ஆயிற்று. "இன்னா சார்" என்று யாராவது கூப்பிட்டால், தன்னைத் திட்டுகிறார்கள் என்று முகம் வாடிவிடுவார். மல்லாட்டை என்றால் என்ன என்று தெரியாமல், கையில் வறுத்த மல்லாட்டையை வைத்துத் தின்றுகொண்டே என்னிடம் கேட்டிருக்கிறார். "இதான் சார், நீங்க திங்கறது" என்றேன். "இது நிலக்கடலைல்லா?" என்றார்.

இந்த மல்லாட்டையால் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லாவிட்டால் கதை ஓடாது. அனந்தபுரம் போகிற வழியில் ஒரு சின்ன ஊர். பேர் வேண்டாம். அங்கே மாரியம்மன் கோயிலுக்கு எதிரில் தரையைத் தண்ணீர் தெளித்துப் பெருக்கி, கோலமாவால் ஊரின் படத்தை வரையச் சொன்னோம். தெரு, கிணறு, கோயில், ஒவ்வொரு வீடும். வரைந்தது அந்த ஊர்ப் பெண்களே. ஈர மண்ணும் கோலமாவும் சேர்ந்த வாசனையில் ஏதோ பொங்கல் வந்துவிட்ட மாதிரி இருந்தது. பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அடையாளம் வைக்கவேண்டும். வசதியான வீடு என்றால் கூழாங்கல், ஏழை வீடு என்றால் மல்லாட்டை, ரொம்ப ஏழை என்றால் புளியங்கொட்டை. ஊர்க்காரர்களே கூடிப் பேசி வைப்பார்கள். நாங்கள் வேடிக்கை பார்த்து எழுதிக்கொள்ளவேண்டியது.

முக்கால்வாசி முடிந்தது. சாப்பாட்டு நேரம் என்று எல்லோரும் எழுந்து போனோம். திரும்பி வந்து பார்த்தால் கோலத்தின் நடுவில் நாலைந்து கோழி. கூழாங்கல் அப்படியே இருந்தது. புளியங்கொட்டையும் இருந்தது. மல்லாட்டை ஒன்றுகூட இல்லை.

"சார், ஊர்ல இருந்த ஏழைங்க எல்லாம் போய்ட்டாங்க" என்றார் அந்த ஊர் முனியம்மா அக்கா. "இனிமே பணக்காரன், பஞ்சப்பரதேசி ரெண்டு பேருதான். நடுவுல இருந்தவங்களக் கோழி தின்னுடுச்சி."

ஞானசேகர் சார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் மறுபடி முதலிலிருந்து வைத்தோம், மல்லாட்டைக்குப் பதில் வேப்பங்கொட்டை. அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் நாங்கள் வேப்பங்கொட்டைதான்.

இந்த முனியம்மா அக்கா தன் தெருவிலேயே கொஞ்சம் கையிருப்பு உள்ளவர். வீட்டுக்காரர் ஏழுமலை லாரி ஓட்டினார். தெருவில் டிவி இருந்த ஒரே வீடு அவருடையது. இலவச டிவி வருவதற்கு ரொம்ப முந்தின காலம் அது. வாய் நீளம், கை அதைவிட நீளம், கொடுக்கிற விஷயத்தில் சொல்கிறேன். அவருக்குப் பக்கத்து வீட்டில்தான் பச்சையம்மா அக்கா இருந்தார்.

படம் வரைந்த அன்று பச்சையம்மா அக்கா அங்கே இல்லை. மல்லாட்டை ஆயப் போயிருந்தார். வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே பெண் தனம். அந்த வீட்டுக்கு ஊர் ஒரே வாயாகப் புளியங்கொட்டை வைத்தது, யாரும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

ஆனால் ஊர் வைத்ததை மட்டும் நம்பக்கூடாது, வீட்டுக்குப் போய்க் கண்ணால் பார்த்துச் சரிசெய்யவேண்டும் என்று ஒரு விதி. கூரை என்ன, சுவர் என்ன, டிவி இருக்கிறதா, மின்விசிறி இருக்கிறதா, நாற்காலி இருக்கிறதா என்று பார்ப்போம். டிவியும் ஃபேனும் இருந்தால் அந்த வீடு புளியங்கொட்டையிலிருந்து எழுந்துவிடும். அப்புறம் முதல் உதவி கிடையாது. அந்த ஊருக்கு முதல் உதவியாக வரப்போவது கறவை மாடு.

பச்சையம்மா அக்காவை நான் வழியில் பார்த்து மாட்டைப் பற்றிச் சொன்னபோது, தலையில் மல்லாட்டைக் கொடிக்கட்டோடு நின்றுகொண்டே கேட்டார். பச்சைக் கொடியின் வாசனை அடித்தது. "மாடு மட்டும் வந்துட்சின்னா போதும்மா. பொண்ண ஒருத்தன் கையில குடுத்துட்டா நான் ஒண்டியாளு. இடுப்பு வலில எத்தினி நாளு கழனிக்குப் போவ முடியும்? மாட்டக் கட்டிக்கினு கெடப்பேன்" என்றார். பெண்ணுக்கு வரன் பேசிக்கொண்டிருப்பதையும் சொன்னார். அனந்தபுரத்துப் பக்கத்துப் பையன், வேலூரில் மெக்கானிக். தாய் இல்லாத பிள்ளை, பெரியம்மாதான் வளர்த்தது. அந்தப் பெரியம்மா காசியம்மா சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை. "பொல்லாத பொம்பளையாம்மா. ரெண்டு எடத்துல ஊட்டப் பாத்துட்டு எழுந்து வந்துட்சாம்" என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

அந்தத் தெருவில் வீடு பார்க்க நாங்கள் குறித்திருந்த நாள் வியாழக்கிழமை. அது அமாவாசை என்பதை யாரும் யோசிக்கவில்லை. முந்தின நாள் காலையில்தான் ஞானசேகர் சாருக்கு யாரோ சொன்னார்கள். மேல்மலையனூர் அமாவாசை என்றால் இந்தப் பக்கத்து பஸ்ஸெல்லாம் அங்காளம்மனுக்குப் போய்விடும். இருக்கிற ஒன்றிரண்டிலும் படியில்கூடக் கால் வைக்க இடம் இருக்காது. "நாளைக்குப் பஸ் கிடைக்காதுல்லா, இன்னைக்கே முடிச்சிருவோம்" என்று அவர் கிளம்பிவிட்டார். நானும் கூடப் போனேன். முன்கூட்டித் தகவல் சொல்ல அப்போது யார் கையில் போன் இருந்தது?

பச்சையம்மா அக்கா வீட்டு வாசலில் சாணி தெளித்துப் பெரிய கோலம் போட்டிருந்தது. உள்ளே கால் வைத்ததும் நானே வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று ஒருமுறை வெளியே பார்த்தேன். கூரை அதே ஓட்டைக் கூரைதான். ஆனால் அதற்குக் கீழே ஒரு டிவி. அதன்மேல் பின்னல் துணி. ஒரு மேஜை ஃபேன் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தது. கரண்டு பக்கத்து வீட்டிலிருந்து ஜன்னல் வழியாக ஒயரில் வந்திருந்தது. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில், வெற்றிலை போட்ட வாயும் கண்டாங்கிச் சேலையுமாக, கனத்த உடம்புக்காரம்மா ஒருவர் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். கதவோரம் தனம், தலை நிறையப் பூவோடு. அடுப்படி ஓரத்தில் முனியம்மா அக்கா. எங்களைப் பார்த்ததும் முனியம்மா அக்காவுக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். பையன் வீட்டு ஆம்பிளைகள் பின்னால் வர, காசியம்மா முதல் பஸ்ஸிலேயே தனியாக வந்து இறங்கிவிட்டார். தெருவே தன் வீட்டுச் சாமானை இந்த வீட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. பெண் பார்க்க வருகிற அன்று பக்கத்து வீட்டு நாற்காலியும் எதிர்வீட்டு டம்ளரும் வருவதும், அவர்கள் போனதும் திரும்பிப் போவதும் வழக்கம்தான். நாங்கள் நாளைக்குத்தான் வருவோம் என்று நினைத்துப் பெண் பார்ப்பதை இன்றைக்கு வைத்திருந்தார்கள். நாங்கள்தான் நாள் மாறி வந்து நின்றோம்.

ஞானசேகர் சாருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அவர் டிவியைப் பார்த்தார். ஃபேனைப் பார்த்தார். கோலத்தில் புளியங்கொட்டை வைத்தது அவருக்கு நினைவு இருந்தது. முகம் சுருங்கியது. நான் அவர் பின்னால் நின்று கண்ணைக் காட்டினேன், புருவத்தைத் தூக்கினேன், தலையை ஆட்டினேன்.

"என்ன தங்கச்சி, கண்ணுல தூசியா?" என்றார்.

"இல்ல சார். வெளில போய்ட்டு அப்புறமா வரலாமே."

"வந்தது வந்தாச்சு. ரெண்டு நிமிஷம்தான" என்று நோட்டை விரித்தார். "அம்மா, இந்த டிவி உங்களுதா?"

அந்த ஃபேன் ஒரு சுற்று இந்தப் பக்கம் வந்து திரும்பியது. என்னுடையது என்று பச்சையம்மா அக்கா சொன்னால் மாடு போயிற்று. அப்புறம் வாழ்நாளெல்லாம் அந்த இடுப்போடு கழனிதான். இல்லை, இரவல் என்று சொன்னால், இரண்டு வீட்டைப் பார்த்து எழுந்து போன காசியம்மா மூன்றாவதாக இங்கிருந்தும் எழுந்துவிடுவார். நான் மனசுக்குள் அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் எனக்கு அடுத்த வரி வரவில்லை. பிறந்ததிலிருந்து சொல்கிற மந்திரம்.

முனியம்மா அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "இன்னா சார் கேள்வி இது? அவங்க ஊட்ல இருக்குற டிவி அவங்களுது இல்லாம கலெக்டர்துவா?"

பச்சையம்மா அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சாரைப் பார்த்தார்.

"இல்ல சார். அது முனியம்மாளுது. ஃபேனும் அவளுது. நாக்காலி எதிர் ஊட்டுது. எங்களுது ஒண்ணும் இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "தோ நிக்குதே, இந்தப் பொண்ணு. இது மட்டுந்தான் எங்களுது."

தனம் தலையைக் குனிந்துகொண்டது. சார் பேனாவைப் பிடித்தபடியே நின்றார். அவருக்கு அப்போதுதான் விஷயம் ஏறியது போலும், காது இரண்டும் சிவந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் காசியம்மாவைப் பார்த்தோம்.

அவர் அவசரப்படவில்லை. டம்ளரில் மிச்சமிருந்த காப்பியைக் குடித்து முடித்தார். அதைத் தூக்கி, கொஞ்சம் எட்டப் பிடித்து, விளிம்பைத் திருப்பினார். வெட்டிய பேரை, முன்னால் இருந்த இனிஷியலையும் சேர்த்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஏ... மு... னி... யம்... மா." நிமிர்ந்தார். "உள்ள வந்து ஒரு வாய் குடிச்சதுமே தெரிஞ்சி போச்சி. இந்த ஊட்டுக்காரிக்குப் பச்சையம்மான்னு இல்ல பேரு? இன்னும் கொஞ்சம் காப்பி ஊத்து."

முனியம்மா அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "டிவியத் தூக்கியாந்தன், ஃபேனத் தூக்கியாந்தன், டம்ளர்ல பேரு இருக்கறத மறந்துட்டேனே!"

"எம்மா, நீ மட்டுமா?" என்றார் காசியம்மா. "என்னிய பாக்க வந்தப்போ எங்க நைனா இன்னா பண்ணாரு தெரியுமா? பசு மாட்டையே இரவல் வாங்கியாந்து கொட்டாயில கட்டினாரு. கல்யாணம் முடிஞ்ச மக்கா நாளு மாட்டுக்காரன் வந்து ஓட்டிக்கினு பூட்டான். எங்க மாமியா சாவற வரைக்கும் அந்த மாட்டக் கேட்டுக்கினே இருந்துச்சி. எங்கடி உங்க ஊட்டு மாடு, எங்கடி உங்க ஊட்டு மாடுன்னு."

அந்தக் கூரைக்குக் கீழே அப்படி ஒரு சிரிப்பு. ஞானசேகர் சார்கூடச் சிரித்தார். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அவருக்கும் ஒரு டம்ளர் காப்பி வந்தது. வாங்கியதும் முதல் வேலையாக விளிம்பைத் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு ஊட்ட உட்டு ஏன் எழுந்து வந்தீங்க பெரிம்மா?" என்று முனியம்மா அக்கா சும்மா இருக்காமல் கேட்டார்.

"ஒரு ஊட்ல கேட்டேன், இது யாரு டம்ளருன்னு. எங்களுதுதான்னு சாதிச்சாங்க. இன்னொரு ஊட்ல அந்தப் பொண்ணுக்கு இஷ்டமில்ல, அழுதுகினு நின்னுச்சி." தனத்தின் பக்கம் திரும்பினார். "நீ அழறியா?"

தனம் இல்லை என்று தலையாட்டியது.

இதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். காசியம்மா சாரைப் பார்த்து, "நீங்க எழுதற லிஸ்ட்ட இன்னா செய்வீங்க?" என்று கேட்டார். ஊர் கூடியிருக்கும்போது மைக்கில் படிப்போம், யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்றார் சார். காசியம்மாவின் வாய் வெற்றிலையை மெல்லாமல் நின்றது.

"அது வாணாம் சார். எனக்குத் தெரிஞ்சது என்னோட போவட்டும். எங்க சொந்தக்காரங்க இந்த ஊர்ல நாலு ஊடு இருக்கறாங்க. ரொம்ப ஏழைன்னு மைக்குல பேரு வந்துட்சின்னா, நாளைக்கு எந்தச் சண்டையா இருந்தாலும் இந்தப் பொண்ணத் தூக்கி அதுலதான் போடுவாளுங்க. நான் எத்தினி நாளுக்குக் காவல் இருப்பேன்?"

சார் திணறிவிட்டார். படிக்காவிட்டால் பட்டியல் செல்லாது. செல்லாவிட்டால் ஊரில் யாருக்கும் மாடு வராது. அவர் பொய் சொல்கிற மனுஷனும் இல்லை. அப்போதுதான் கதவோரத்திலிருந்து தனம் முதல்முறையாக வாயைத் திறந்தது.

"பேரச் சொல்லித்தான் படிக்கணுமா சார்?"

"குடும்பங்களைப் படிக்கணும்னுதாம்மா இருக்கு."

"அப்ப நம்பரப் படிங்களேன்" என்று நிலைக்கு மேலே கையைக் காட்டியது. அங்கே துருப்பிடித்த சின்னத் தகரத்தில் கதவு எண். பஞ்சாயத்தில் எப்போதோ அடித்துவிட்டுப் போனது. முனியம்மா அக்கா வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்து, "இது இங்க எப்போலருந்து இருக்குது?" என்றார்.

பட்டியல் படித்த அன்று மைக் பிடித்தது நான்தான். கோயிலுக்கு எதிரில் ஊர் உட்கார்ந்திருந்தது. பேர் எதையும் சொல்லாமல் கதவு எண்களை மட்டும் ஒவ்வொன்றாக, நிறுத்தி, இரண்டு தடவை படித்தேன். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. தபால்காரர் தவிர ஊரில் யாருக்குத் தெரியும் கதவு எண்?

பின்னாலிருந்து ஒருவர், "இன்னாம்மா, பஸ் ஸ்டாண்டுல நம்பர் சொல்ற மாதிரி சொல்லிக்கினு இருக்கற? இதுல செஞ்சி பஸ் எது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஆட்சேபம் இருக்கிறதா என்று சார் கேட்டார். ஆட்சேபம் எதுவும் வரவில்லை. கூட்டம் கலைந்தது.

நாங்கள் மைக்கையும் ஒயரையும் சுற்றிக்கொண்டு தெரு வழியாக வந்தோம். அந்தத் தெருவில் நான் பார்த்ததை இன்றைக்கும் ராத்திரி செபம் சொல்லும்போது நினைத்துக்கொள்வேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒருவர் நின்று தன் வீட்டு நிலைக்கு மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். சிலர் முந்தானையால் தகரத்தைத் துடைத்துப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்காமல் உள்ளே போனார்கள். பக்கத்து வீட்டுத் தகரத்தைப் படிக்க அவர்களுக்கு ரொம்ப நேரம் ஆகியிருக்காது. தங்கள் கையாலேயே புளியங்கொட்டை வைத்த வீடுகள்தானே. தெரிந்தும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கேட்டா மட்டும் சொல்லிடுவமா என்று நைனா சொன்னது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

தை பிறந்ததும் தனத்துக்குக் கல்யாணம். சிவப்பு நாற்காலிகள் மறுபடி அந்த வீட்டுக்கு வந்தன. மாடு கல்யாணத்துக்குப் பிறகுதான் வந்தது, அரசாங்கத்து மாடு நல்ல நேரம் பார்த்தா வரும்? ஒரு கொம்பு மடங்கிய மாடு. அதற்குக் காசியம்மா என்றே பேர் வைத்துவிட்டார் முனியம்மா அக்கா. நிஜக் காசியம்மா ஊருக்கு வருகிற அன்று மட்டும் அதை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். சார் வேறு மாவட்டத்துக்கு மாறிப் போனார். எனக்குக் கல்யாணமாகி, செஞ்சிக்கு வந்து, அட்டையைக் கழற்றி வைத்தேன்.

பச்சையம்மா அக்கா போன வருஷம் காலமானார். காரியத்துக்குப் போயிருந்தேன். தெருவில் ஒரு கூரை வீடுகூட இல்லை. எல்லா வீட்டிலும் டிவி. காரியத்துக்கான நாற்காலியெல்லாம் வாடகைக் கடையிலிருந்து வண்டியில் வந்து இறங்கியிருந்தது. எங்களுக்குப் பேப்பர் கப்பில் காப்பி கொடுத்தார்கள். தனம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. தலையில் நரை விழுந்துவிட்டது. கப்பை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருந்தது.

"பேரு இல்லாத கப்புல குடிச்சா யாரு ஊட்ல குடிச்சோம்னே தெரியலக்கா" என்றது. அப்புறம் அதுவே சொன்னது: "நீங்க அதயெல்லாம் எழுதி வையிங்க. அம்மா பேரையே போடுங்க. எம் பொண்ணு படிக்கணும்."

அப்படிக் கிடைத்த உத்தரவு இது. அதற்கப்புறமும் நான் தயங்கிக்கொண்டுதான் இருந்தேன், டேப்போடு அந்தப் பெண் வந்து நிலைப்படியில் சாய்ந்து நிற்கிறவரைக்கும்.

பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து கொர்ரென்று பேர் வெட்டுகிறவரைச் செஞ்சியில் இப்போது காணவில்லை. புது டம்ளர் வாங்கினால் வெறுமையாகவே வீட்டுக்கு வருகிறது. வெட்டுவதற்குத் தேவையும் இல்லை, அது நம் வீட்டை விட்டு எங்கே போகப்போகிறது? ஜன்னல் வழியாக வந்த ஒயர் போயிற்று. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காக டிவியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்த முனியம்மா அக்கா, இப்போது மகன் வீட்டில், சென்னையில், மாடியில் இருக்கிறார். வறுமை குறைந்ததா என்று என்னைக் கேட்டால், குறைந்திருக்கிறது, ஆண்டவருக்கு நன்றி என்றுதான் சொல்வேன். அதை நான் பொய்யாக்கமாட்டேன். ஆனால் அந்தப் பெண்ணின் டேப்பில் சொந்தமா வாடகையா என்று இரண்டு கட்டம்தான் இருந்தது. பக்கத்து வீட்டுது என்று தட்டுவதற்கு ஒரு கட்டம் அதில் இல்லை. நாங்கள் எழுதிய தாளிலும் இருந்ததில்லை. இனி யாராவது அதைச் சேர்த்தாலும் தட்டுவதற்கு வீடு கிடைக்குமா தெரியவில்லை.

படித்தவர்கள் இதை மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நடந்தது நடந்தபடியே போகட்டும். ஞானசேகர் சாரைக் கெட்டவராக்கவேண்டாம், அவர் கேட்கவேண்டியதைத்தான் கேட்டார். காசியம்மாவைத் தெய்வமாக்கவும் வேண்டாம், அந்த அம்மா பிற்பாடு தனத்தோடு குழம்பில் உப்புக்காகப் போடாத சண்டையில்லை. முக்கியமாக, பச்சையம்மா அக்கா கண்ணீர் விட்டார் என்று யாரும் சேர்த்துவிடாதீர்கள். கேட்பவர்களுக்கு அது பிடிக்கும், தெரியும். ஆனால் எங்களுது ஒண்ணும் இல்ல என்று சொன்னபோது அவர் அழவில்லை. நேராக நின்று சொன்னார். சொல்லிவிட்டு, காசியம்மா நீட்டிய டம்ளரை வாங்கிக்கொண்டு, காப்பி ஊற்றப் போனார்.